குப்பியின் உயரம்

"வாய்வழி கொடுத்தால் ஆகாதா?" என்கிறான் பெல்மீரு.
விழுங்க மறந்த மாட்டுக்கு
வாய்வழி என்பது நுரையீரல் வழி.

கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு
கருங்கல் சுவரோரம் கிடக்கிறாள் ஃபனேக்கா.
கன்று போட்டு ஒன்பது மணி நேரம்.
காது சில்லிட்டிருக்கிறது. மூக்கு காய்ந்துவிட்டது.
ரத்தத்தின் சுண்ணாம்பெல்லாம்
சீம்பாலாய் மடிக்கு இறங்கிவிட்டது.

சாவோ ஜார்ஜ் தீவின் முதுகு முழுக்க மூடுபனி.
கடல் கீழே எங்கோ இருக்கிறது, சத்தமாக மட்டும்.
எதிர்த்தீவின் எரிமலையை
மூன்று நாளாக யாரும் பார்க்கவில்லை.
ஜீப்பைப் படலோடு விட்டுவிட்டு
நாற்பது நிமிடம் ஏறி வந்தேன்,
குப்பியை அக்குளில் இடுக்கிச் சூடாக்கியபடி.

என் பையில் வழிகளுக்குக் குறைவில்லை.
காம்பின் துளைக்குள் நுழையும் மழுங்கிய குழல்.
முதுகுத்தண்டு நெடுக ஊற்றும் நீல மருந்து,
அதைத் தோலே குடித்துக்கொள்ளும்.
ஆட்டு நாக்கின் மேட்டைத் தாண்டி
மாத்திரையை வைத்துவிட்டு வரும் நீளத் துப்பாக்கி.
பாதிரியார் வீட்டுப் பூனைக்கு ஒரு டப்பா மத்தி மீன்:
மீனைத் தின்றுவிட்டு மாத்திரையை
கோயில் வாசலில் வைத்துவிட்டுப் போகும், அது வேறு கதை.

இவளுக்கு நாளம்தான்.
கழுத்துப் பள்ளத்தில் கட்டைவிரலை அழுத்த
கயிறாய்ப் புடைக்கிறது.
ஊசியின் முனையில் கருஞ்சிவப்பு
அவசரமில்லாமல் சொட்டினால் சரியான வீடு.
பளிச்சென்று பீறிட்டால்
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன்.
சொட்டுகிறது.

குப்பியை அவனிடம் கொடுக்கிறேன்.
இதில் விசை கிடையாது, பொத்தான் கிடையாது.
எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகம்.
குழலைக் காதில் மாட்டி
முழங்கைக்குப் பின்னால் இதயத்தைத் தேடுகிறேன்.
"தாழ்த்து."
தாழ்த்துகிறான்.
"இன்னும்."
மார்பளவுக்கு, பிறகு இடுப்பளவுக்கு.

மூன்று வருடத்துக்கு முன் இதே சுவர்.
செரேஜா என்று பெயர். நல்ல கறவை.
குப்பியை நான்தான் பிடித்திருந்தேன்.
பாதிக் குப்பியில் நின்றுபோனாள்.
"நேரம் கழித்துக் கூப்பிட்டாய்," என்றேன்.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.
கூலியும் வாங்கிக்கொண்டேன்.

குப்பிக்குள் குமிழிகள்
ஒவ்வொன்றாய் ஏறுகின்றன.
"அன்றைக்கு," என்கிறான், குமிழியைப் பார்த்தபடி,
"உங்கள் கை தொப்பிக்கு மேலே இருந்தது."

காதில் குழல் இருக்கிறது.
கேட்கவில்லை என்று இருந்துவிடலாம்.
லப் டப். லப் டப்.
லப்.
"நிறுத்து!"
குழாயைக் கிள்ளிப் பிடித்துவிட்டான், நான் சொல்லும் முன்பே.
பனி எங்கள் மூவர் மேலும் இறங்குகிறது.
டப்.
மறுபடி நடக்கிறது, நொண்டி நொண்டி,
பிறகு சீராக.

"ஆறேகால் படகைப் பிடிக்க வேண்டியிருந்தது," என்கிறேன்.
"பிடித்தீர்களா?"
"பிடித்தேன்."
தலையை ஆட்டுகிறான்.
கிள்ளிய விரலைத் தளர்த்துகிறான், ஒரு நூல் அளவுக்கு.
இந்தத் தீவின் இந்தப் பாதிக்கு
வேறு டாக்டர் கிடையாது.

தொடைச் சதை முதலில் நடுங்கியது.
அப்புறம் ஒரு ஏப்பம், புளித்த புல் வாசனையோடு,
இவ்வளவு பெரிய ஏப்பத்தை
எந்த விருந்திலும் நான் கேட்டதில்லை.
சாணி போட்டாள்.
மூக்கில் முத்து முத்தாய் வியர்வை.
முட்டிபோட்டு, யோசித்து,
பின்பக்கத்தை முதலில் தூக்கி, எழுந்து,
கன்று எங்கே என்று பார்த்தாள்.

குப்பியில் மீந்ததைத் தோளுக்குப் பின்னால்
தோலுக்கடியில் விட்டேன்.
எலுமிச்சை அளவுக்குப் புடைத்தது.
நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்
உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தோம்.
"கரைய எவ்வளவு நேரம்?"
"இந்த வழி மெதுவானது. விடிந்துவிடும்."

படல் வரைக்கும் கூடவே இறங்கி வந்தான்.
எப்போதும் என் பையை அவன்தான் தூக்குவான்.
இன்று கையில் விளக்கை மட்டும் பிடித்திருந்தான்,
தாழ்வாக,
நான் கால் வைக்கும் இடத்துக்கு நேராக.